வேடியப்பன் வீடு திரும்பினாரா?

நூலகர் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "முன்வரிசையில கல்லுக்காரங்க வூட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. எத வேணும்னாலும் பேசுங்க. வேடியப்பன் 'செத்தான்'னு மட்டும் சொல்லிறாதீங்க."

பாப்பாரப்பட்டியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அந்தச் சிறு நூலகத்தில், மாதத்தின் கடைசி ஞாயிறு மாலைகளில் உள்ளூர் வரலாறு பேசுவார்கள். கட்டணம் கிடையாது, தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. அந்த மாதம் பேச்சாளர் நான். கல்லூரிக்காகச் சொற்போர் மேடைகளில் கோப்பைகள் வாங்கி வந்தவள். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசை வரை என் குரல் எட்டும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அன்றைய பேச்சு, ஊருக்கு மேற்கே ஒரு மரவள்ளித் தோட்டத்தின் ஓரம் நிற்கும் நடுகல்லைப் பற்றியது. கையில் வில்லோடு ஒருவன். அவன் காலடியில் மாடுகள். எங்கள் பக்கத்தில் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசியதில், உருவத்துக்கு மேலிருந்த எழுத்துகள் மூடிப்போயிருந்தன. பூச்சைக் கழுவி அவற்றைப் படிக்க நூலகர் நெடுநாளாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். கல்லுக்குப் பூசை செய்துவரும் தோட்டத்துக்காரர்கள் பிடிகொடுக்கவில்லை. கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்ற அளவுக்கு இப்போதுதான் இறங்கி வந்திருந்தார்கள். ஆகவே அந்த எழுத்துகள் வெளியே வருவதும் வராததும் என் நாவில் இருந்தது.

முன்வரிசையில் கல்லுக்குப் பூசை செய்யும் அம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்தி அமர்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய கொழுந்தனார், கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தச் சொல்லைத் தொடவில்லை. உயிரைப் பொருட்படுத்தாதவர் என்றேன். ஊருக்காகத் தன்னைத் தந்தவர் என்றேன். கூட்டம் என் பின்னே வருவதை உணர்ந்தேன். மேடையில் அதை உணர்வது போன்ற இன்பம் வேறில்லை. அந்த இன்பத்திலேயே, வழக்கமாகக் கைத்தட்டல் வாங்கும் இடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினேன்.

"ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் ஊர் திரும்பின. மீட்கப் போனவர் வீடு திரும்பினாரா?"

சொற்போர் மேடையில் இப்படி ஒரு கேள்வியை எறிந்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவோம். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அது பதிலுக்கான கேள்வியே அன்று. நூலகத்தில் அந்த வழக்கம் யாருக்கும் தெரியாது.

"திரும்பலீங்களா?" என்றார் கொழுந்தனார்.

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"திரும்பவில்லை" என்றேன்.

"அப்பறம் என்ன ஆனாரு?"

நூலகர் சுவரோரம் நின்று, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தார். எதிரணியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கி எனக்குப் பழக்கமில்லை. கைவசம் இருந்த அழகிய தொடர்களை எல்லாம் முன்பே செலவழித்திருந்தேன்.

"இறந்துபோனார்."

கொழுந்தனார் எழுந்து நூலகர் பக்கம் திரும்பினார். "எங்க சாமி செத்துப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான் டீயும் பிஸ்கட்டும் குடுத்து உக்கார வெச்சீங்களா, சார்?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன்.

"நீ உக்காரு தம்பி" என்றார் பூசைக்கார அம்மா. "பாப்பா ஒண்ணு சொல்லுது. நீ ஒண்ணு சொல்ற. சாமிய ஆரு கேட்டீங்க? பூப்போட்டுப் பாத்துரலாம். உத்தரவு குடுத்தா கழுவலாம். இல்லீனா இந்தப் பேச்சே வேணாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் வரணும் கண்ணு. சொன்னது நீதான."

அடுத்த வெள்ளி காலை நாங்கள் கல்லின் முன் நின்றோம். அவர் தண்ணீர் தெளித்து, கல்லின் இரு தோள்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை அரளிப் பூவை ஒட்டி வைத்தார். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு; இடப்பக்கத்துப் பூ விழுந்தால் கழுவக்கூடாது. விழும்வரை யாரும் பேசக்கூடாது.

பேசாமல் நிற்பது எனக்குப் பயிற்சி இல்லாத கலை. நூலகரின் கையில் எழுத்தைப் படியெடுக்கத் தூரிகையும் காகிதச் சுருளும் இருந்தன. அவர் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். சாலையில் ஒரு பேருந்து ஒலியெழுப்பிப் போயிற்று. இடப்பக்கத்துப் பூ சற்றே சரிந்தது. நூலகர் கண்களை மூடிக்கொண்டார். பூ சரிந்த இடத்திலேயே, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி நின்றது. மன்றாட எத்தனையோ தொடர்கள் தொண்டை வரை வந்தன, விழுங்கினேன். மரவள்ளி இலைகள் அசைந்தன. வலத்தோள் பூ நழுவிக் கீழே விழுந்தது.

"காத்தடிச்சு உழுந்துச்சு" என்றார் கொழுந்தனார்.

"காத்து ஆரு வூட்டுதாம்?" என்றார் அம்மா. எண்ணெய் போக்கும் அரப்புப் பொடியைக் குழைத்து, தானே தேய்க்கத் தொடங்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

எண்ணெய் கரைந்து கறுப்பாக வழிந்தது. வரிவரியாக வட்டெழுத்து துலங்கியது. நூலகர் மண்டியிட்டு, விரலால் தடவித் தடவிப் படித்தார். பல எழுத்துகள் தேய்ந்திருந்தன. கடைசி வரியில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முணுமுணுத்ததை நான் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

"என்ன போட்டிருக்குது?" என்றார் கொழுந்தனார். கேள்வி என்னிடம்தான்.

"மாடு மீட்டு, பட்டான்."

"பட்டான்னா? அடிபட்டாரா? கஷ்டப்பட்டாரா?"

நடுகல்லில் அதற்குப் போரில் மாண்டான் என்று பொருள், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குரல் முன்போல் இல்லை.

"அவ்வளவுதாங்க எழுதியிருக்கு. பட்டான்."

அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "மீதிய எழுத எடம் இல்லாம உட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. பக்கத்துல எடம் இருக்குது பாருங்க."

அவர் பார்த்தார். அந்தச் சொல்லுக்குப் பின் ஒரு சாண் அகலத்துக்குக் கல் வெறுமையாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து, நூலகர் ஒட்டிய ஈரக் காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

படியெடுத்து முடிந்ததும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். "முடிஞ்சுதில்ல சார்?" என்று கேட்டு, எழுத்தின் மேல் பழையபடி பூசத் தொடங்கினார். கடைசி வரிக்கு வந்தபோது கையை நிறுத்தி என்னிடம் சொன்னார்:

"அடுத்த தடவ பேசறப்ப இதையே சொல்லு கண்ணு. நீயா ஒண்ணும் சேக்காத."