லேமினேஷன் போட்ட ஐந்து கையெழுத்து

ஜெயசுதாவுக்கு லேமினேஷன் ஒரு வியாதி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சேவியர்ராஜின் ஜெராக்ஸ் கடையில் ஏழு வருஷமாக நிற்கிறவள். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, எது கையில் வந்தாலும் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளி மெஷினில் விட்டுவிடுவாள். அசந்து நின்றால் தன்னையும் விட்டுவிடுவாள் என்று சேவியர்ராஜ் மெஷினுக்கு அந்தப் பக்கமாகத்தான் உட்காருவார்.

இருபத்தொன்பது வயதில் அவள் சமுதாயக் கல்லூரியில் சட்ட உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். சனி, ஞாயிறு வகுப்பு. நாள் முழுக்க அடுத்தவர் மனுவை நகல் எடுக்கிறவளுக்கு, அதற்குள் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. கடைசிப் பகுதி களப்பணி. ஒரு குடும்பத்தின் மனுவைக் கையிலெடுத்து, அலுவலகத்தில் ரசீது வாங்கும்வரை கூடவே நிற்க வேண்டும்.

அவளுக்கு வாய்த்தது கல்வராயன் மலையிலிருந்து பூமாலையின் குடும்பம். பூமாலையின் மகள் தனுஷாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பழங்குடிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீதையாவது இன்று ஐந்து மணிக்குள் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். மனுவோடு, இது எங்கள் மலைக்குடும்பம்தான் என்று ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் வேண்டும். அதற்காக ஜெயசுதா இரண்டு முறை மலையேறினாள். ஐந்தாவது ஆளான வீரமுத்து, கையெழுத்துப் போட்ட மறுநாளே காப்பித் தோட்ட வேலைக்குக் கேரளா போய்விட்டார்.

இறங்கும்போது மழை. காகிதத்தின் ஒரு மூலை நனைந்துவிட்டது. ஜெயசுதாவுக்கு உயிரே போனது. ஃபேனில் காயவைத்தாள். அப்புறம் என்ன செய்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

கடைசி நாளான இன்று மதியம் அலுவலகத்தில் எழுத்தர் அறிவுச்செல்வன் அதை வாங்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மெனு கார்டா? இட்லி எவ்ளோன்னு போடலியே."

அந்த வாக்குமூலத்தின் அடியில்தான் அவர் குறிப்பெழுதி முத்திரை வைக்க வேண்டுமாம். வைத்தும் காட்டினார். மை வழுக்கிக்கொண்டு அவர் கட்டைவிரலில் ஒட்டியது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் கையெழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். அது ஜெயசுதாவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். புதிதாக வாங்கலாம் என்றால் வீரமுத்து கேரளாவில். மணி மூன்றரை.

ஜெயசுதா, பூமாலை, தனுஷா மூவரும் கடைக்கு ஓடினார்கள். சேவியர்ராஜ் தலையில் அடித்துக்கொண்டாலும் வழி சொன்னார்.

"கலர் ஜெராக்ஸ் போட்டுட்டுப் போ. நீல மை நீலமாவே வரும். அசல்னு நீட்டு, எவனுக்குத் தெரியப் போவுது."

போட்டாள். மழைக்கறைகூட அப்படியே வந்தது. தனுஷா எட்டிப் பார்த்து, "அசல விட இதான்க்கா அசல் மாதிரி கீது" என்றாள்.

ஜெயசுதா ஜெராக்ஸின் முதுகைத் தடவினாள். அசலில் பெரியவர்கள் பேனாவை உழுவதுபோல அழுத்தியிருந்தார்கள். லேமினேஷன் போடுமுன் பின்பக்கம் தடித்துத் தடித்து இருந்தது ஞாபகம் வந்தது. இது வழவழவென்று இருந்தது. மாட்டினால் மாட்டப்போவது அவள் இல்லை, தனுஷாவின் சான்றிதழ். கண்ணில் நீர் முட்டியது. மெஷின் சூடு என்று துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பு என்னுது" என்றாள் பூமாலையிடம். "இத்த அசல்னு குடுத்தா இன்னிக்கே ரசீது வரும். நாளைக்கி எவனாச்சும் தோண்டினா பாப்பா படிப்பு போயிடும்."

பூமாலை திட்டவில்லை. "உங்க காலேஜ்ல இதுக்கு இன்னாதான் சொல்லிக்குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நகலை அசலோடு ஒப்பிட்டு, மனுவை வாங்கும் அலுவலகமே சான்று செய்யலாம் என்று மூன்றாம் பாடத்தில் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இதெல்லாம் தெரியாதா என்று அவள் கொட்டாவி விட்ட பாடம். சிவப்புப் பேனாவால் பிரதியின் தலையில் 'நகல்' என்று பெரிதாக எழுதினாள். தனித்தாளில், அசலை லேமினேஷன் செய்து கெடுத்தவள் நானே, மனுதாரர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மணி நாலே கால். அறிவுச்செல்வன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிவரியாக இறக்கினார். ஐந்தாம் பெயரில் நிறுத்தினார். அங்கே மட்டும் ஒரு கையெழுத்து அடிக்கப்பட்டு, கீழே இன்னொன்று இருந்தது. வீரமுத்துவின் நம்பர் கேட்டு அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். பூமாலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். ஆறாவது தடவை மணி அடித்தபோது வீரமுத்து எடுத்தார்.

கையெழுத்துப் போட்டீங்களா என்று கேட்டதற்கு வந்த பதில் அறை முழுக்கக் கேட்டது.

"போட்டங்க. மொதல்ல அடியில மேடு இருந்தது தெரியாம கையெழுத்து சாஞ்சிப்போச்சி. அந்தப் பொண்ணு அடிக்கச் சொல்லி திருப்பிப் போட வெச்சிது. ஏன், அதுவும் சரியில்லியா?"

அறிவுச்செல்வன் அடித்த கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். நகலின் அடியில் 'அசலோடு ஒப்பிட்டது' என்று எழுதி முத்திரையை அழுத்தினார். ஜெயசுதாவின் தாளையும் கோப்பில் சேர்த்துக் கட்டினார். அதன் பிரதியை அவள் தன் கல்லூரியிலும் கொடுக்க வேண்டும். களப்பணி மார்க் என்ன ஆகுமோ.

நாலு ஐம்பதுக்கு ரசீது வந்தது. தனுஷா அதைப் போனில் படமெடுத்து நர்சிங் கல்லூரிக்கு அனுப்பினாள். இடத்தை நிறுத்தி வைத்திருப்பதாக ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பதில் வந்தது.

பூமாலை ரசீதை நாலாக மடித்து, வெற்றிலைப் பைக்குள் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினாள். ஜெயசுதாவின் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டாள்.