கூட்டத்தை முடிக்கும் கை

குவேக்கர் கூடத்தின் வாசலில் நின்று ஃபின்டன் கின்செல்லா வலது கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைக்கிறார். வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். இருந்தாலும் துடைத்த பிறகுதான் சாவியைத் தொடுவார். வாரம் முழுவதும் கசாப்புக் கடையில் நிற்கிறவருக்கு அது பழகிப்போய்விட்டது.

உள்ளே போய் ஹீட்டரைப் போட்டு, பெஞ்சுகளைத் துடைத்து வைப்பார். அவர் குவேக்கர் இல்லை. சனிக்கிழமை மாலையே கத்தோலிக்கக் கோயிலில் பூசை பார்த்துவிடுகிற ஆள். எங்கள் ஊரைக் கட்டியவர்கள் குவேக்கர்கள் என்கிற சின்னக் கிறிஸ்தவப் பிரிவினர்; இப்போது மிச்சம் ஹெஸ்டர் அம்மாளும் இரண்டு மூன்று குடும்பங்களும்தான். பக்கத்து வீடு என்பதால் சாவி இவரிடம் வந்தது. ஹீட்டர் போட வந்தவர் குளிருக்கு உட்கார்ந்தார். பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நானும் அப்படி ஒட்டிக்கொண்டவன்தான்.

அங்கே ஞாயிறு வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். கடைசியில் ஹெஸ்டர் அம்மாள் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார். அத்தோடு கூட்டம் முடிந்தது. ஃபின்டன் அவ்வளவு நேரம் வாயை மூடியிருக்கிறார் என்றால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. “மாட்டு நாக்கு கேட்டு வர்றாங்க. என் நாக்கை ஓசியில தரேன்னாலும் ஒருத்தனும் வாங்கமாட்டேங்கிறான்” என்பார், எலும்பை வெட்டிக்கொண்டே.

அந்த வாயில் வராத பெயர் ஒன்று உண்டு: தம்பி டெக்லன். அப்பாவின் ஆற்றோர நிலத்தை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றவர். அன்றிலிருந்து டெக்லன் கறி வாங்குவது பக்கத்து ஊரில். அம்மாவின் அடக்கத்தில்கூட இருவரும் சவப்பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். யாராவது சமாதானம் பேசப் போனால், “எலும்பு வேணுமா, கொழுப்பு வேணுமா? அதை மட்டும் கேளு” என்று ஃபின்டன் வெட்டிவிடுவார்.

போன மாதம் ஹெஸ்டர் அம்மாள் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பார்க்கப் போன ஃபின்டனிடம், தான் வரும்வரை கூட்டத்தை அவர்தான் முடித்து வைக்க வேண்டும் என்றார்.

“நான் உங்க ஆளே இல்லையேம்மா.”

“கை இருக்கில்ல? போதும்.”

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. டெக்லன் காதுக்கும் போயிருக்கிறது. அவருக்குத் திங்கட்கிழமை டப்ளினில் இதய அறுவை சிகிச்சை. பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்துக்குள் வந்தார். பெஞ்சுகள் பாதி காலி. நேரே வந்து அண்ணனின் வலப்பக்கம் உட்கார்ந்தார். இடப்பக்கம் நான் இருந்தேன்.

ஃபின்டன் நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, தாண்டியும் போயிற்று. பின்னால் யாரோ செருமினார்கள். எல்லார் வீட்டு அடுப்பிலும் அவர் விற்ற இறைச்சி கருகிக்கொண்டிருந்திருக்கும். டெக்லனின் மூச்சு எனக்கே கேட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, அண்ணன்மேல் கோபமாகவும் வந்தது.

ஃபின்டன் மெல்ல என் பக்கம் திரும்பினார். கை கொஞ்சம் எழுந்தது. நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

என்னை முறைத்தார். பிறகு வலது கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார். இன்னொரு தடவையும் துடைத்தார். அப்புறம் வலப்பக்கம் திரும்பினார்.