தவக்காலத்தில் வராத இருமல்

மூன்றாவது பாட்டின் நடுவில் சத்தம் உடைந்தது. ஸ்தனிஸ்லாஸ் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்கவில்லை. மண்டப மேடையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தியை விடாமலே திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்டில் இருந்த ஆஸ்டின், விட்ட இடத்திலிருந்து மெட்டைப் பிடித்து ஒருவழியாக முடித்தான்.

"இன்னா மாமா, ஈஸ்டர் முடிஞ்சி ரெண்டு வாரம்கூட ஆவல. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்ட?"

ஸ்தனிஸ்லாஸ் ட்ரம்பெட்டின் அடியிலிருந்த சின்னச் சாவியை அழுத்தி, குழாயில் தேங்கிய எச்சில் நீரைக் கைக்குட்டையில் வடித்தார். அன்று அவர் மறுபடி ஊதவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலிருந்தே சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கத்துக் கல்யாணங்களில் ட்ரம்பெட் ஊதுவார். சாவு பேண்டுக்குப் போனதில்லை. அழுகிறவர்களுக்கு முன்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்பார்.

இருமல் வந்து ஆறு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்குப் போய்வந்த ராத்திரிகளில் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், விடிந்தால் விட்டுவிடும். மண்டபத்து ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி ஐரின் சொன்னாள். சளியைச் சோதித்தார்கள், காசநோய் இல்லை. ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் இழுக்கிற மருந்து கொடுத்தார். அதற்கும் அடங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த சில நாட்களில் இருமல் தானாகக் குறையும். புனித வெள்ளியன்று சிலுவைப்பாதையில் மூச்சு வாங்காமல் நடப்பார். ஈஸ்டர் தாண்டினால் திரும்ப வந்துவிடும்.

தவக்காலத்தில் அவர் கறி தொடமாட்டார், பிராந்தி குடிக்கமாட்டார். இருமல் அதனால்தான் அடங்குகிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. நாற்பது நாள் ஒறுத்தலுக்கு இவ்வளவு பலன் என்றால் வருடம் முழுவதும் ஒறுத்தால் என்ன என்று மூன்று வருடத்துக்கு முன்பு தோன்றியது. கறியையும் பிராந்தியையும் அடியோடு விட்டார். ஈஸ்டர் அன்று வீடு முழுக்க மட்டன் மணக்க, அவர் ரசம் சாதம் சாப்பிட்டார். இருமல் வந்தது.

அப்படியானால் வேறு ஏதோ குறை இருக்கிறது. காபியை விட்டார். சினிமாவை விட்டார். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியின் வீட்டுக்குப் பெருங்குடி வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். இத்தனை வருடம் கழித்து அண்ணன் எதற்காக வந்தார் என்று தம்பிக்குப் புரியவில்லை. இருமல் போகவில்லை. கடவுள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஐரினிடம்கூட அதைச் சொல்லவில்லை.

கேக் வெட்டிய கல்யாணத்துக்கு மறு வாரம் ஐரின் அவரை அடையாறில் டாக்டர் ஷீலாவிடம் அழைத்துப்போனாள். நெஞ்சு ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "எப்போ இருமல் இருக்காது?" என்று கேட்டார். இதுவரை பார்த்தவர்கள் எப்போது இருக்கும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

ஐரின் முந்திக்கொண்டாள். "தவக்காலத்துல இருக்காது டாக்டர்."

"அப்போ என்னெல்லாம் விடுவார்?"

"கறி, பிராந்தி. ஆனா இப்போ வருஷம் முழுக்கவே விட்டுட்டார். அப்பவும் ஈஸ்டர் ஆனா வந்துடுது."

"சாப்பாடு இருக்கட்டும். அந்த நாள்ல வேற என்ன நிக்கும்?"

"வேற ஒண்ணுமில்ல. தவக்காலத்துல எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. இவரோட ட்ரம்பெட் பெட்டிய கட்டிலுக்கடியில தள்ளிட்டுப் பெருக்குவேன். மத்தபடி..."

ஐரின் நிறுத்திக்கொண்டாள். கணவரைப் பார்த்தாள். அவர் டாக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கடைசியா எப்போ கழுவினீங்க சார்?"

"வாராவாரம் பாலிஷ் போடுவேன். முகம் தெரியும்."

"உள்ளே?"

உள்ளே கழுவுவதில்லை. தண்ணீர் பட்டால் சத்தம் வெளுத்துப்போகும் என்று பேண்ட்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

எச்சிலும் ஈரமும் தங்குகிற குழாயில் பூஞ்சை பிடிக்கும் என்றார் டாக்டர். ஊதுகிறவர் வாயை எடுக்காமல் மூச்சிழுத்தால் அது நெஞ்சுக்குள் போகும். சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு நுரையீரல் ஒத்துக்கொள்ளாமல் புண்ணாகும். "வடு விழுந்த இடம் விழுந்ததுதான். மேற்கொண்டு விழாம பார்த்துக்கலாம். மாத்திரை தரேன். மூணு மாசம் கழிச்சு மூச்சை அளந்து பார்ப்போம். அதுவரைக்கும் ஊதாதீங்க."

"கழுவிட்டா?"

"கழுவினாலும் இப்போ வேணாம். அதுக்கப்புறமும் ஊதலாமான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஐரின் சொன்னாள்: "உங்க தம்பிகிட்டயாவது பேசினீங்களே."

மறுநாள் மத்தியானம் குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ட்ரம்பெட்டின் குழாய்களைத் தனித்தனியாகக் கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டார். ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவுகிற பிரஷ் ஒன்று வீட்டில் இருந்தது. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு அதை உள்ளே விட்டுத் திருகினார். கருப்பும் பச்சையுமாக, ஊறிய தேயிலைபோல வந்தது. நாற்றம் துண்டைத் தாண்டி அடித்தது. ஐரின் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் பினாயில் எடுத்துவந்து வைத்தாள்.

ஊரார் பிள்ளைகளின் சோதனைக்குழாய்களை முப்பது வருடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுவியவர். அதே மாதிரி இந்தக் குழாயையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மூன்று முறை நீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது.

காயவைத்து, மறுபடி பொருத்தி, ஹாலில் உட்கார்ந்தார். வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு உதட்டில் வைத்து ஒரே ஒரு ஸ்வரம் ஊதினார்.

சத்தம் வெளுக்கவில்லை. முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சமையலறையில் மிக்சி நின்றது. ஐரின் எட்டிப் பார்க்கவில்லை. அவர் இன்னொன்று ஊதுவாரா என்று காத்திருப்பதுபோல் இருந்தது. அவர் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். சற்றுக் கழித்து மிக்சி ஓடியது.

சாயங்காலம் ஆஸ்டின் வந்தான். மறுநாள் அவன் அக்கா மகளுக்குக் கல்யாணம். பெண் கோவிலுக்குள் நுழையும்போது மாமா ஊதுவதாக மாசி மாதமே பேச்சு.

"டாக்டர் வேணாம்னுட்டாங்கடா."

"அதான் கழுவிட்டியே. அப்பறம் இன்னா? ஒரு பாட்டு மாமா. பொண்ணு ஆசைப்படுது."

"இங்க ஒரு பாட்டு. அடுத்த கல்யாணத்துல ஒரு பாட்டு. நான் நிறுத்தமாட்டேன், எனக்கே தெரியும்."

ஆஸ்டின் பெட்டியைப் பார்த்தான். "அப்ப நாளைக்கி இன்னா பண்றது?"

"உன் கீபோர்டுல ட்ரம்பெட் கீதா, இல்லியா?"

"கீது. ஆனா போலியா கீது மாமா. நடுவுல மூச்சே வாங்காது."

"இருமவும் இருமாது. அதையே வாசி."

ஆஸ்டின் சிரித்துவிட்டான். ஸ்தனிஸ்லாசும் சிரித்தார். அது இருமலில் முடிந்தது.

மறுநாள் காலையில் கல்யாணம். ஆஸ்டின் கீபோர்டில் ட்ரம்பெட் சத்தம் வைத்து வருகைப் பாட்டை வாசித்தான். ஸ்தனிஸ்லாஸ் ஐரினோடு பின்வரிசை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பூசையின்போது இரண்டு தடவை இருமினார். மத்தியானம் மண்டபத்தில் மட்டன் பிரியாணி. பரிமாறியவர் அவரைத் தெரிந்தவர். "உங்களுக்கு அந்தப் பக்கம் சைவம் கீது மாமா" என்றார். ஸ்தனிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை, இலையை முன்னால் நகர்த்தினார். பரிமாறியவர் ஐரினைப் பார்த்தார். ஐரின் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரியாணி விழுந்ததும் ஸ்தனிஸ்லாஸ் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். மாத்திரை வீட்டில் இருந்ததால் சீக்கிரமே ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். ஐரின் புடவை மாற்றிக்கொண்டு வந்து, ட்ரம்பெட் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பெருக்கினாள்.