துண்டு போட்டு இடம் பிடிக்கும் மென்பொருள்

கணினிக்கு மூளை கிடையாது என்று கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். மூளை இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் திருவையாற்றில் ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடைத்தெருவில் ஓர் அறை, சுவரோரமாகச் சில கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கே போடலாம். உட்கார்ந்து தட்டுவது நான். உரிமையாளர் வாசல் பக்கமாகச் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அரசியல் பேசுவார். அவர் தலைக்கு மேல் ஆளுங்கட்சித் தலைவரின் படம் தொங்கும். ஆட்சி மாறியபோது அவர் ஆணியைப் பிடுங்கவில்லை, படத்தை மட்டும் மாற்றினார். பழைய படத்தைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அது புதிய படத்துக்குப் பின்னாலேயே சுவரைப் பார்த்தபடி பத்திரமாக இருந்தது.

அவர் நிலக்காரக் குடும்பம். எங்கள் ஊர் வயல்களில் பாதி ஒரு காலத்தில் அவர்களுடையது. என் தாத்தா அவர்களிடம் பண்ணையாளாக இருந்தவர். எங்கள் தெருவில் கொடியேற்றிக் கூலி உயர்வு கேட்டதையும், அவர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கதிர் அறுத்ததையும், வரப்பில் கைகலப்பானதையும் அப்பா சோற்றில் கைவைத்தபடி சொல்லுவார். பிறகு குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பு என்று சட்டம் வந்தது. நிலக்காரர்கள் சட்டத்தை மிகவும் மதித்தார்கள், அதாவது குத்தகையை எழுத்தில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு.

என் அண்ணி அப்படி வாய்ப்பேச்சில்தான் அவருடைய நிலத்தைச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அண்ணனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நாற்று விடுவது முதல் அறுப்பு வரை அண்ணியின் பாடுதான். ஆக, அண்ணி அவர் வயலில், நான் அவர் கடையில். தலைமுறை தலைமுறையாக முன்னேறிவிட்டோம் என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒருநாள் அவர் எங்கிருந்தோ ஒரு மேக்ரோ மென்பொருளைக் கொண்டுவந்து கணினியில் ஏற்றினார். ஒரு வேலையை மவுஸாலும் விசைப்பலகையாலும் நாம் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். அது அப்படியே பதிந்துகொள்ளும். அப்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் அதே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். நல்ல கருவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதைக் கருவியாகவா வைத்திருந்தார்? ஆயுத பூஜைக்கு அந்த ஒரு கணினிக்கு மட்டும் தனியாக மாலை போட்டார். வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "பாருங்க, நான் கையே வெக்கல, தானா ஓடுது" என்று காட்டுவார். திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்து விபூதி வாங்க வந்தவர்கள் மாதிரி ஜனங்கள் நிற்பார்கள்.

ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து உதவித்தொகை விண்ணப்பங்கள் மொத்தமாக வந்தன. அதற்கு முந்தைய வாரம் அவர் ஓர் ஆண் பிள்ளையின் விண்ணப்பத்தை வைத்து மேக்ரோவைப் பதிந்திருந்தார். அதையே ஓட்டினார். அத்தனை பெண் பிள்ளைகளும் ஆணாகிவிட்டார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். "அது சின்ன விஷயம்மா. எவ்ளோ வேகம் பாத்தியா?" என்றார். தப்பை இவ்வளவு வேகமாகச் செய்ய மனுஷனால் முடியாதுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குறுவைக்குத்தான் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிய வேண்டும் என்ற உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. பதிந்தால் எந்தத் தேதியில் எடை போடுவார்கள் என்று டோக்கன் வரும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு உண்டு. பதிவதற்குச் சிட்டா வேண்டும். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். அதனால் குத்தகைக்காரர் வியர்வை சிந்தி விளைவித்த நெல்லையும் நிலக்காரர் மனசு வைத்தால்தான் பதிய முடியும். அண்ணியின் நெல்லுக்கு அவர் மனசு வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

பதிவு திறந்த காலையில் அவர் குளித்து, திருநீறு பூசி, மேக்ரோ முன்னால் வந்து உட்கார்ந்தார். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் அத்தனை பேருடைய சிட்டாவும் எக்செல்லில் வரிசையாக ஏற்றப்பட்டிருந்தது. கடைசி வரியில் அண்ணி சாகுபடி செய்யும் நிலம். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் கைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் முதல் வாரங்களின் தேதிகளையெல்லாம் அம்புக்குறி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒப்புதல் தர வேண்டிய அலுவலரும் வயல் பக்கம் தலை காட்டாமல் மொத்தமாக ஒப்புதல் பொத்தானைத் தட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை, அந்தச் சொந்தக்காரர்களின் வயல்கள் அப்போது பச்சையாக நின்றன. தாமதமாக நட்டது, கதிர் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இல்லாத நெல்லுக்கு எதற்கு டோக்கன் என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் திருவையாறு பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் குடையும் இருக்கைகளில் வந்து விழும். துண்டுக்காரர் ஆற அமர டீ குடித்துவிட்டு வருவார். அதுவரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாலும் அந்தத் துண்டை யாரும் தொட மாட்டார்கள். மனுஷருக்குக் கொடுக்காத மரியாதையைத் துண்டுக்குக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. அவர் மேக்ரோவை வைத்துச் செய்ததும் அதேதான். கருவி புதிது, புத்தி பழையது.

அண்ணி ஆற்றில் வந்த முதல் தண்ணீரிலேயே நட்டவர். அறுப்பு மெஷினும் சீக்கிரம் கிடைத்து, நெல் முழுவதும் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே சாலையோரம் குவியலாகக் கிடந்தது. டோக்கனோ, வரிசையின் வாலில். பகலில் பரப்பித் துழாவுவதும், மேகம் கறுத்தால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போடுவதுமாக அண்ணி சாலையிலேயே குடியிருந்தார். மழைக்கு முன்னால் எடை ஏறிவிட்டால் பிழைத்தோம், இல்லாவிட்டால் அந்தப் போகமே போச்சு. நான் உரிமையாளரிடம் போய் நின்றேன்.

"சார், அண்ணி நெல்லு ரோட்ல கெடக்கு. உங்க சித்தப்பா நிலம் இன்னும் பச்சையா நிக்குது. அவங்க தேதிய அண்ணிக்கு மாத்திக் குடுங்க சார்."

"மாத்தலாம்மா. ஆனா வரிசையா போட்டது. நடுவுல கைவெச்சா எல்லாம் கொழம்பிடும்."

"ஒண்ணும் கொழம்பாது சார். நான் கையாலயே மாத்தித் தரேன்."

"வேணாம்மா. அது சிஸ்டம் போட்ட வரிசை."

"வரிசைய எக்செல்ல போட்டது நீங்கதான சார்?"

அவர் நாற்காலியை அந்தப் பக்கம் சுழற்றிக்கொண்டார். "அப்புறம் சித்தப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இவர் தாத்தா காலத்தில் எல்லாம் ஆண்டவன் போட்ட வரிசையாக இருந்தது. அப்பா காலத்தில் அரசாங்கம் போட்ட வரிசை. இப்போது சிஸ்டம். வரிசையில் யார் முதலில், யார் கடைசியில் என்பது மட்டும் மாறவே இல்லை. அந்த ஆளை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். கொள்முதல் நிலையத்தில் எடை மெஷின் சும்மா நின்றது. மூட்டை தூக்குபவர்கள் வெறும் சாக்குகளை விரித்துப் படுத்திருந்தார்கள். பில் போடும் எழுத்தர் செய்தித்தாளை விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு யாருக்கு டோக்கன் சார்?" என்று கேட்டேன்.

"உங்க கடைக்காரரோட சித்தப்பாவுக்குத்தான்."

"வந்தாரா?"

"அவரு சென்னையில இருக்காரு. நெல்லு வயல்ல இருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"அப்ப இதப் போடுங்க சார். எதுக்காலதான கெடக்கு."

"ஸ்க்ரீன்ல இவங்க தேதி வந்தாதாம்மா பில்லு விழும். எனக்கு மட்டும் ஆசையா, சும்மா ஒக்காந்திருக்க?"

எடை மெஷினுக்கும் நெல்லுக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருந்தது. அண்ணி அந்தச் சாலையைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ போ பாப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்றார்.

மழை அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, பிடித்தால் விடாது. தார்ப்பாய் மேலே வருகிற தண்ணீரைத் தடுத்தது, கீழே சாலைச் சரிவில் ஓடிவந்த தண்ணீரை என்ன செய்யும்? வெயில் திரும்ப முகம் காட்டியபோது குவியலுக்குள் கையை விட்டால் வெந்நீர் மாதிரி சுட்டது. ஒரு பிடி எடுத்தால் வெள்ளை வேரோடு பின்னிக்கொண்டு கொத்தாக வந்தது. அண்ணியின் தேதி வந்த அன்று எழுத்தர் வந்து பார்த்தார். ஈரம் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "என்னம்மா இது, நாத்தாங்கால் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அழவில்லை. நான் அழுதேன், ஆத்திரத்தில்.

அதற்கு அடுத்த வாரம் கடையில் அவர் என்னைக் கூப்பிட்டார். "குத்தகை நெல்லு எப்ப வருதுன்னு உன் அண்ணிய கேளு."

"எல்லாம் மொளச்சுப் போச்சே சார்."

"மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு? பேச்சுன்னா பேச்சும்மா."

எழுத்தில் வைக்காத பேச்சுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். குத்தகை நெல்லை நிலக்காரர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். அதனால் கடைக்கே வரட்டும் என்றார். அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தேதி மாற்றக் கேட்டபோது அவர் சொன்னதையும் சேர்த்துத்தான். அண்ணி முளைத்த நெல்லை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார்.

"குடுத்துருவோம். எப்படியும் அடுத்த போகத்துக்கு நெலத்த நமக்கு வுட மாட்டாரு" என்றார்.

மினி லாரி வந்து நின்றபோது அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். சுழல் நாற்காலியில் அவருடைய கட்சிக் கரைத் துண்டு கிடந்தது. பக்கத்துக் கணினியில் மேக்ரோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த போகமான சம்பாவுக்குப் பதிவு அன்று காலைதான் திறந்திருந்தது. அண்ணியும் லாரிக்காரரும் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, கணினிகளின் முன்னால் காலியாக இருந்த நாற்காலிகளில் வைத்தார்கள். சாக்கின் கண்களில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. புளித்த வாடை கடை முழுக்கப் பரவியது. விண்ணப்பம் போட வந்திருந்த இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள், அவர்கள் நாற்காலிகளிலும் மூட்டை ஏறியது.

கடைசி மூட்டைக்குச் சுழல் நாற்காலிதான் மிச்சம். அண்ணி ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றார். பிறகு துண்டை எடுத்தார். உதறினார். நாலாக மடித்து என் மேஜை மேல் வைத்துவிட்டு, மூட்டையை நாற்காலியில் இறக்கினார். எங்கள் ஊரில் பிறர் போட்ட துண்டை ஒருவர் எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அவர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா இது? நெல்லா இது?"

"குத்தகை நெல்லுங்க. உங்க நெலத்துல வெளஞ்சது, நீங்க போட்ட தேதி வரைக்கும் ரோட்ல கெடந்தது. பேச்சு பேச்சுதானுங்களே."

"மொதல்ல இத எடு. என் சீட்ல வேற வெச்சிருக்க."

"வரிசையா எறக்கியாச்சுங்க. நடுவுல கைவெச்சா எல்லாம் கொழம்பிடும்" என்றார் அண்ணி.

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. லாரி கிளம்பிப் போன பிறகும் அவர் உட்கார இடமில்லாமல் சொந்தக் கடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, இன்னும் நடவே ஆகாத வயல்களுக்குத் தேதி பிடித்துக்கொண்டிருந்தது.