கோமதி அறுக்காத லைன்

கயத்தாறில் ஒரு கடை மாடியில் ரூட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது கோமதியின் கணவர் போனில் அழைத்தார். "அண்ணாச்சி, கோமதி போயிட்டா" என்றார். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், பக்கத்தில் இருந்தவருக்கு அடையாளம் சொன்னார்: "நெட் கம்பெனியில இருந்துச்சுல்லா, ஒருநா ஊரு லைனையே அறுத்து விட்டுச்சே, அந்தப் பிள்ளைதான்." இத்தனை வருஷம் ஊருக்கு இணையம் கொடுத்தவருக்கு, செத்த அன்றும் அதுதான் அடையாளம். கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதற்காகத்தான். கோமதி லைனை அறுக்கவில்லை. அறுத்தவன் நான்.

எங்களுடையது சின்ன கம்பெனி. கேபிள் டிவி நடத்திய முதலாளி இணையத்துக்கு மாறியபோது நானும் கோமதியும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். வயதில் இரண்டு வருஷம் மூத்தவன் என்பதால் எனக்கு 'அண்ணே' பட்டம் கிடைத்தது. மரியாதை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. "அண்ணே, நீங்க கீபோர்டுல கைய வச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். சொல்லிவிட்டுக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளுவார்.

முதலாளிக்கு ரூட்டர் என்றால் வீட்டு மூலையில் மினுக்கும் டப்பா. அவ்வளவு விலை கொடுத்துப் பெரிய ரூட்டர் எதற்கு என்று கேட்டார். கோமதி பஸ் நிலையத்தை வைத்து அவருக்கு விளக்கினார். "விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமத்துக்கு வழி கேட்டா, டைம்கீப்பர் என்ன சொல்லுவாரு? எட்டயபுரம் பஸ்ல ஏறு, அங்கன போயி கேளும்பாரு. முழு வழியும் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ரூட்டரும் அப்படித்தான். நாம அனுப்புதது எல்லாம் துண்டு துண்டாத்தான் போகும், ஒவ்வொரு துண்டுலயும் போக வேண்டிய விலாசம் இருக்கு. இந்த விலாசத்துக்கு எந்தப் பக்கம்னு தங்கிட்ட உள்ள பட்டியலப் பாத்து அடுத்த ரூட்டர்ட்ட தள்ளி விடும். பட்டியல்ல இல்லாத ஊர்னா, இந்தப் பக்கம் அனுப்புன்னு பொதுவா ஒரு வழி எழுதி வச்சிருப்போம்." முதலாளி யோசித்துவிட்டு, "பொதுவழியத் தப்பா எழுதிட்டா?" என்றார். "ஊரு சுத்த வேண்டியதுதான்" என்றார் கோமதி.

அந்தத் தப்பைத்தான் நான் செய்தேன். ஒரு மத்தியானம், சாலை தோண்டியவர்கள், வெளியே போகும் எங்கள் மதுரை லைனைக் கொத்திவிட்டார்கள்; இணையம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கோமதி சாப்பிடப் போயிருந்தார். எட்டயபுரத்து ரூட்டரிலிருந்து தூத்துக்குடி வழியாக வெளியே போக இன்னொரு லைன் இருந்தது. அவர் வருவதற்குள் நானே சரிசெய்து காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோவில்பட்டி ரூட்டரில் பொதுவழியை எட்டயபுரம் பக்கம் திருப்பினேன். எட்டயபுரத்து ரூட்டரில் பொதுவழி கோவில்பட்டி என்று இருந்ததை மாற்ற மறந்தேன். மறந்தது தெரியாமல் டீ குடிக்கவும் போனேன்.

திரும்பி வந்தபோது அறையில் கூட்டம். எட்டயபுரம் வரை ஊரே இணையம் இல்லாமல் நின்றிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், ஏற்றிய லாரிக்கு இணையத்தில் பில் எடுக்க முடியாமல் கத்திக்கொண்டிருந்தார். ரூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கோமதி. "பொம்பளப் பிள்ள கையில குடுத்தா இப்படித்தான்! இருந்த லைனையும் அறுத்துட்டியே!" என்று அவர் மேல் பாய்ந்தார் தீப்பெட்டி முதலாளி. கோமதி திரும்பாமலே, "மொதல்ல சரி பண்ணுவோம் அண்ணாச்சி. யாருன்னு பொறவு பாப்போம்" என்றார்.

திரையில் போகும் வழியை வரிவரியாக எடுத்திருந்தார்: கோவில்பட்டி, எட்டயபுரம், கோவில்பட்டி, எட்டயபுரம். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கைகாட்டுது அண்ணே" என்றார் என்னிடம். ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் ரூட்டர் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். அது இல்லாவிட்டால் அன்றைய பில்லெல்லாம் இன்றும் எட்டயபுரம் சாலையில் அலைந்துகொண்டிருக்கும். எட்டயபுரத்துப் பொதுவழியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். ஊர் பிழைத்தது. யார் என்று பிறகு யாரும் பார்க்கவில்லை; பழி அவர் மேலேயே நின்றது. எட்டயபுரத்தில் புதிதாகத் திறந்த கிளையின் பொறுப்பு அவருக்கு வருவதாக இருந்தது, எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார், கேலி மட்டும் மெலியவில்லை. கிளை எப்படி நடக்கிறது என்று கேட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு மாத்துனது யாருன்னு ரூட்டர்ல பதிஞ்சிருந்துச்சு அண்ணே. நான் உக்காந்ததும் மொதல்ல அதத்தான் பாத்தேன். ஒங்க பேரு."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். ஊருக்கு வந்ததும் எல்லாரிடமும் சொல்கிறேன் என்றேன். "சரிண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டார். வந்தேன், நாளைக்குச் சொல்லலாம், முதலாளி வந்ததும் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். கயத்தாறில் போன் வந்துவிட்டது.

கோமதியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அத்தனை வருஷம், கிளையிலிருந்து நான் கோவில்பட்டிக்கு வரும்போதெல்லாம் என் எதிரில் உட்கார்ந்து, கடலைமிட்டாயைப் பங்கு போட்டபடி, நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். இப்போது சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவர் இல்லை.