ரோசம்மாள் கழுவிய காதுமூடிகள்

ரோசம்மாள் இறால் கம்பெனியை விட்டு நின்றதற்குக் காரணம் சம்பளம் இல்லை, பஸ். வேலை முடிந்து எளாவூருக்குத் திரும்பும்போது அவர் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாலும் விரல் இடுக்கில் வாடை நிற்கும். ஒருநாள் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி அவரைப் பார்த்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ரோசம்மாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டார். நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்த கணவர் ஸ்டீவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு அடிக்கும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் மூலமாகக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து, வீட்டு உயரத்துக்கு நிற்கும் ஹேமர் இயந்திரத்தால் அடிக்கிற இடம் அது. அடி விழும்போதெல்லாம் தரை அதிரும். ஹேமரில் நிற்பவர்கள் காதுமூடி மாட்ட வேண்டும் என்பது சட்டம். பாட்டு கேட்கிற பெரிய ஹெட்போன் மாதிரியே இருக்கும். பாட்டு வராது, சத்தத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் யாரும் மாட்டவில்லை. சூப்பர்வைசர் வரும்போது காதுக்கு ஏற்றுவார்கள், போனதும் கழுத்துக்கு இறக்கிவிடுவார்கள். ஒரு ஷிப்ட் கழற்றி வைத்ததை அடுத்த ஷிப்ட் எடுத்து மாட்ட வேண்டும். முந்தின ஆளின் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறிய மெத்தை காதில் ஒட்டும். நாற்றம் தாங்கவில்லை என்றார்கள். சூப்பர்வைசர் சந்திரமோகன் வயதில் சின்னவர். காதுமூடிகளை ஒரு கூடையில் போட்டு ரோசம்மாளிடம் கொடுத்து, எப்படியாவது சுத்தம் பண்ணுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோசம்மாள் தனக்குத் தெரிந்தபடி செய்தார். பினாயில் கலந்த பக்கெட்டில் எல்லாவற்றையும் முக்கி எடுத்து, தகரக் கூரை மேல் வெயிலில் பரப்பினார். மறுநாள் பினாயிலும் வியர்வையும் கலந்த ஒரு புது வாடை வந்தது. மெத்தையின் மேலுறை காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு பேருக்குக் காதோரம் தடித்து அரிப்பெடுத்தது. சந்திரமோகன் திட்டவில்லை, வேறு வாங்கித் தருகிறேன் என்றார். ரோசம்மாள் வெடித்தவற்றைத் தானே பொறுக்கிக் குப்பையில் போட்டார்.

நர்சிங் படிக்கும் மகள் ஏஞ்சலிடம் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஹெட்போன் ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் அதுவும் நாறும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு ஏஞ்சல் அதன் மெத்தையை நகத்தால் நெம்பித் தனியே கழற்றி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது கழன்று வரும் என்பதே ரோசம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே இருந்த பஞ்சை எடுத்து மோந்து பார்த்தார். வாடை அங்கேதான் இருந்தது.

அடுத்து வந்த காதுமூடிகளை அவர் தண்ணீரில் முக்கவில்லை. மெத்தையைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஷாம்பு கலந்த துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்தார். உள்பஞ்சை மட்டும் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஸ்டோர் ரூம் ஃபேனுக்குக் கீழே நிழலில் உலர்த்தினார். அதன் பிறகும் வாடை போகாத பஞ்சை ஆப்பசோடா தூவிய கவரில் கட்டி வைத்து, மறுநாள் உதறி எடுத்தார். ஆளுக்கு ஒன்று தனியாகக் கொடுக்க வேண்டும் என்று சந்திரமோகனிடம் கேட்டு வாங்கி, பெயிண்டால் பெயர் எழுதச் சொன்னார். யாருடையது அதிகம் நாறுகிறது என்று பையன்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எல்லாம் ஒரே வாடைதான் என்று சொல்வார். அது பொய். ஆனால் யார் கேட்டும் அவர் ஒரு பெயரைக்கூடச் சொன்னதில்லை.

மெல்ல மெல்ல எல்லோரும் மாட்டத் தொடங்கினார்கள், அரசப்பனைத் தவிர. அரசப்பன் பழைய ஹேமர்மேன். ஆரணிப் பக்கத்துக்காரர். ரோசம்மாளை விட மூத்தவர். தன்னுடையது இன்னும் நாறுகிறது என்று திருப்பிக் கொடுத்தார். ரோசம்மாள் மறுபடி சுத்தம் செய்தார். திரும்பவும் வந்தது. பஞ்சையே புதிதாக மாற்றிக் கொடுத்தார். அதையும் நாற்றம் என்றார். அண்ணனின் தலைதான் நாறுகிறது, காதுமூடி என்ன செய்யும் என்று ஒருவன் சொல்ல, கேன்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். அரசப்பனும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அவருக்கு இடப்பக்கம் டேபிள் துடைத்துக்கொண்டிருந்த ரோசம்மாள், தட்டை எடுக்கட்டுமா என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் இல்லை. வலப்பக்கம் போய்க் கேட்டதும் தட்டை நகர்த்தினார்.

மற்றவர்கள் எழுந்து போகும்வரை ரோசம்மாள் காத்திருந்தார்.

"அண்ணா, உங்க காதுமூடில ஒரு வாடையும் இல்ல. நானே மோந்து பாத்துட்டுதான் குடுத்தேன். அப்புறம் இன்னாத்துக்கு மாட்ட மாட்டேன்றீங்க?"

அரசப்பன் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"எடது காது போயிடுச்சும்மா. வலது ஒண்ணுதான் கேக்குது. அதையும் மூடிக்கினா மேல கிரேன் வர்ற சைரன் எப்படிக் கேக்கும்?"

"தொறந்து வெச்சிக்கினே இருந்தா அதுவும் பூடுமே."

"தெரியுது. வெளிய சொன்னா வேலையே பூடும். நீ யாராண்டையும் சொல்லாத."

ரோசம்மாள் சொல்லவில்லை. யார் வாடையையும் வெளியே சொல்லாதவருக்கு இது பெரிய காரியமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. கிரேன் சைரன் கேட்கும்போதெல்லாம் துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஹேமர் பக்கம் பார்த்தார். ஜெபத்தில்கூட மனசு அங்கேயே போனது. ஒருநாள் இடப்பக்கமாக வந்த கிரேன் கொக்கி அரசப்பனின் ஹெல்மெட்டை உரசிக் கீழே தள்ளிவிட்டுப் போனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குனிந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அன்று மாலை ரோசம்மாள் அவரிடம் போய், நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். அரசப்பன் கையைக்கூடக் கழுவாமல் சந்திரமோகனின் அறைக்கு நடந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று ரோசம்மாளுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அரசப்பன் ரோசம்மாளின் பக்கம் திரும்பவில்லை.

காது பரிசோதனைக்குத் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை. ஹேமரிலிருந்து எடுத்து, லாரியில் சரக்கு ஏற்றும் யார்டில் போட்டார்கள். ஓவர்டைம் நின்றது. ஹேமர்மேன் என்ற பெயரும் போனது. பல வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றவருக்கு லாரி நம்பர் சரிபார்க்கிற வேலை பேஜாராக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் ரோசம்மாளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு போவார். ரோசம்மாளும் வலியப் போய்ப் பேசவில்லை. தான் செய்தது சரிதான் என்று ஸ்டீவனிடம் ஒருமுறை சொன்னார். சரியா என்று ஏஞ்சலிடம் ஒருமுறை கேட்டார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அரசப்பன் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். வலது காதும் மந்தமாகிவிட்டது என்று காது கேட்கும் மெஷின் கொடுத்திருக்கிறார்கள், வேர்வையில் அதுவும் நாறுகிறது, தண்ணி படக் கூடாதாம், எதால் துடைப்பது என்று கேட்டார். ரோசம்மாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியவில்லை, மகளைக் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அரசப்பன் தலையாட்டிவிட்டு யார்டுக்குப் போனார்.