நாற்காலியில் போட்ட பேப்பர்

நான் நூலகராக இருக்கும் விருத்தாசலம் நூலகத்தில் காலையில் முதல் ஆளாக வந்து நிற்பவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். கதவைத் திறந்ததும் தன் கட்சிப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொள்வார். தனக்கு ஆகாத கட்சியின் பேப்பரை நாற்காலியில் போட்டு, அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொள்வார். தானும் படிக்க மாட்டார், பிறரைப் படிக்க விடவும் மாட்டார்.

அந்தப் பேப்பருக்காகவே வருகிறவர் ஒருவர் உண்டு. ஊரிலுள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் பொம்மை வார்ப்பவர். வேலைக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம்தான் அவருக்கு வாய்க்கும். பெரியவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என் மேசைப் பக்கம் பார்ப்பார். நான் போய், கொஞ்சம் எழுந்திருங்க சார் என்பேன். ஒன்றும் தெரியாதவர்போல் எழுந்து எடுத்துக் கொடுப்பார். தினமும் நடக்கும் கூத்து இது.

தேர்தல் நெருங்கியதும் கூத்து முற்றிவிட்டது. பெரியவர் தன் கட்சிக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பேப்பர் முழுக்கப் பொய், அரசாங்கக் காசில் அதை வாங்கக் கூடாது, நிறுத்தாவிட்டால் மேலே சொல்லி என்னைத் தூக்கியடிப்போம் என்றார்கள். மாற்றல் வந்தால் வீட்டை யார் பார்ப்பது? மகள் இங்கேதான் பிளஸ் டூ படிக்கிறாள். மாமியார் படுத்த படுக்கை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"பொய்யின்னா பதில் எழுதுங்க சார். அது எந்தப் பேப்பர்ல வந்தாலும் இதே மேசையில போடுறேன். ஆனா யாரு படிக்கிறதையும் நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அடுத்த சில வாரங்கள் தபால்காரரைப் பார்த்தாலே எனக்குத் திக்கென்றது. மாற்றல் உத்தரவு வரவில்லை. தேர்தல் முடிந்தது, பெரியவருக்கு ஆகாத கட்சி ஜெயித்தது.

வெற்றிக் களிப்பு அடங்குவதற்குள் அந்தக் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். பொம்மை வார்ப்பவரும் அவர்களுக்குப் பின்னால் சங்கடத்தோடு நின்றார். இவர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். இந்த முறை நிறுத்தச் சொன்னது பெரியவரின் பேப்பரை. பெரியவரோ அதை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி, வழக்கம்போல் மற்றதன்மேல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக ஒரு பக்கத்தையும் அவர் புரட்டவில்லை.

பெரியவருக்குச் சொன்ன பதிலையே ஒரு வார்த்தை மாற்றாமல் இவர்களுக்கும் சொன்னேன். மாற்றல் போட்டால் போடுங்கள், திட்டக்குடிக்கே மாற்றினாலும் தினமும் போய்வர பஸ் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அன்றைக்கு என்னை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அவர்கள் போன பிறகும் பொம்மைக்காரர் மட்டும் போகாமல் நின்றார். நான் சொல்லாமலே பெரியவர் எழுந்தார். நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்து, தொடையில் வைத்துக் கசங்கலை நீவி அவரிடம் நீட்டினார்.

"நீ மொதல்ல படிச்சிட்டுக் குடுப்பா. அப்புறம் நானும் பாக்குறேன், அப்படி என்னதான் எழுதியிருக்கான்னு."

பொம்மைக்காரரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேப்பரையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, ஒரே செய்தியைப் பற்றி இருவரும் சத்தமாக வாதாடத் தொடங்கினார்கள். மற்ற வாசகர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அமைதி காக்கவும் என்ற பலகை என் தலைக்கு மேலேயே தொங்குகிறது. அன்றைக்கு மட்டும் அதை நான் யாருக்கும் காட்டவில்லை.